கொசுவை விரட்டும் கொல்லைச் செல்வம்

(திண்டிவனத்தில் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாலை மயங்கியதும் கொசுச் சுருளைக் கொளுத்திக் கதவைச் சாத்தும் வழக்கம் விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலும் வேரூன்றிவிட்டது. கொசு ஓடுகிறது; புகையோ குழந்தைகளின் நெஞ்சில் தங்குகிறது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது எழும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை வெளியிடும் அளவுக்கு ஒப்பாகும் என 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறிற்று.

இதற்கு மாற்று நம் கொல்லையிலேயே உண்டு. 49 கரண்டி தேங்காயெண்ணெயில் 1 கரண்டி வேப்பெண்ணெயைக் கலந்து கைகால்களில் பூசினால், மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் இனக் கொசுக்கள் 12 மணி நேரம் கடிப்பதில்லை என்று டில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தார் 1993-ல் வெளியிட்டனர். எல்லா இனக் கொசுக்களிடமும் இதே பயனை எதிர்பார்த்தல் கூடாது. கைக்குழந்தைகளுக்குக் கொசுவலையே சிறந்தது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குப் புகட்டுதல் உயிருக்கே ஆபத்தாகும்.

நொச்சித் தழையைப் புகையவிடுவது நம் முன்னோர் கண்ட முறை. எனினும் எப்புகையும் புகையே. மூடிய அறையில் வேண்டாம். மாட்டுத் தொழுவத்திலும் திறந்த முற்றத்திலும் போடுக.

நாம் செய்த பிழை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தெருவெங்கும் நொச்சிக் கன்றுகளை நட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிட்டோம். மழைக்காலத்தில் டெங்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் படுத்துவிட்டனர். வீடு வீடாகச் சென்று பார்த்தபோது தண்ணீர்த் தொட்டியிலும், ஆட்டுக்கல்லிலும், கொட்டாங்கச்சியிலும் கொசுப்புழு நெளிந்தது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. நல்ல நீரில் பிறப்பது. வேலியில் நிற்கும் நொச்சி அதனை என் செய்யும்? பிள்ளைகள் தேறினர், நாமும் பாடம் கற்றோம்.

வயலையும் மறத்தலாகாது. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசு நெல் வயலில் பிறக்கிறது. மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1990-களில், வேப்பம் பிண்ணாக்குப் பூசிய யூரியாவை இட்டு, நீரைக் காயவிட்டுப் பாய்ச்சினர். கொசுப்புழுக்கள் பெரிதும் குறைந்தன. விளைச்சலுக்கு ஊறு நேரவில்லை. 2015 முதல் கட்டாயமாக்கப்பட்ட வேம்பு பூசிய யூரியாவில் எண்ணெய் மிகச் சிறிதளவே உள்ளது. அதனை இதற்கு ஈடாகக் கொள்ளற்க.

ஆகவே மூன்று பணிகளை மேற்கொள்வோம். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையை வீணாக்காமல் திரட்டி, மகளிர் குழுக்களைக் கொண்டு எண்ணெயும் பிண்ணாக்கும் எடுப்போம். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே வேண்டுமாதலின், வாரம் ஒரு நாள் நீர்க்கலங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவோம். காய்ச்சல் கண்டால் தழையை நம்பியிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே அழைத்துச் செல்வோம்.

வேம்பு நமக்குத் துணை. தூய்மையே நமக்குக் காவல்.