பில்லு ஏன் ஊரைச் சுத்திட்டு வரணும்?

எல்லாரும் ஆப்பை க்ளவுடுக்கு ஏத்துற கதையைச் சொல்வாங்க. இன்னைக்கு நான் சொல்லப் போறது, க்ளவுடுல இருந்ததைக் கடைக்குள்ள இறக்கின கதை.

என் அத்தை சென்னையில ஒரு மெடிக்கல் ஷாப் வெச்சிருக்காங்க. அவங்களுக்குப் பைத்தான்ல ஒரு பில்லிங் ஆப் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் தெருவுல பள்ளம் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுந்துபோச்சு. கடை நிறைய ஆளு. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு கவுன்ட்டரை மட்டும் எப்படியோ ஓட்டினோம். ராத்திரி அத்தை கேட்டாங்க: "பில்லு கடைக்குள்ளதானே போடுறோம், அது ஏன்டா ஊரெல்லாம் சுத்திட்டு வருது?" என்கிட்ட பதில் இல்லை.

அந்த வாரக் கடைசியில ஒரு பழைய டெஸ்க்டாப்புல உபுண்டு போட்டேன். க்ளவுடுல இருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை டம்ப் எடுத்து ஏத்தி, குனிகார்ன் சர்வரை ஓட விட்டேன். அந்த மெஷின்ல பிரமாதமா ஓடுது. பக்கத்து கவுன்ட்டர்ல திறந்தா வரவே இல்லை.

ரெண்டு மணி நேரம் ஃபயர்வாலைத் திட்டினேன். காரணம் வேற. நாம எதுவும் சொல்லாம விட்டா, குனிகார்ன் 127.0.0.1-லதான் கேட்கும். அதாவது, அதே மெஷினுக்குள்ள இருந்து கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லும். 'போர்ட்'னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தா 0.0.0.0-ல, வெளியில இருந்து வர்றவங்களுக்கும் சேர்த்துக் கதவைத் திறக்கும். க்ளவுடுல அந்த வேரியபிளை அவங்களே வெச்சிருந்தாங்க. எனக்கு அது தெரியவே தெரியாது. இப்போ முன்னாடி என்ஜின்எக்ஸை நிறுத்திட்டேன். அது 80-ஆம் போர்ட்டுல வாங்கி, உள்ளே 8000-க்குக் கொடுக்குது.

அடுத்த வாரம் கரண்ட் போச்சு. வந்ததும் மெஷினை ஆன் பண்ணினாங்க, ஆப் எழுந்திருக்கலை. சிஸ்டம்டி-ல 'ஸ்டார்ட்' கொடுத்த நான், 'எனேபிள்' கொடுக்க மறந்திருந்தேன். ஸ்டார்ட்னா இப்போ ஓடு. எனேபிள்னா மெஷின் எழும்போதெல்லாம் நீயும் எழு. போதாததுக்கு, ரவுட்டர் அதுக்குப் புது ஐபி முகவரி வேற கொடுத்திருந்துச்சு. ரவுட்டர் செட்டிங்ஸ்ல அந்த மெஷினுக்குன்னு ஒரே முகவரியை ஒதுக்கி வெச்சேன்.

ஆனா, என்னை நிஜமா பயமுறுத்தினது பேக்கப்தான். க்ளவுடுல தினமும் தானா நடந்துட்டிருந்தது. இங்கே பத்து நாள் கழிச்சுதான் உறைச்சது: அத்தையோட மொத்த கடன் கணக்கும் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்குல இருக்கு. அது போனா, யார் எவ்வளவு தரணும்னு யாருக்கும் தெரியாது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. இப்போ தினமும் ராத்திரி 11 மணிக்கு டம்ப் எடுத்து, பூட்டி, க்ளவுட் ஸ்டோரேஜுக்கு அனுப்புது. மாசம் ஒருமுறை அதை என் லேப்டாப்புல ஏத்திப் பார்த்துடுவேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் நம்புறதில்லை.

க்ளவுட் வாடகை ஜாஸ்தின்னு புலம்பினவன்தான் நானும். அந்த வாடகைக்குள்ள எவ்வளவு வேலை இருந்ததுன்னு, நானே செஞ்சப்பதான் புரிஞ்சது. நீங்களும் இறக்கப் போறீங்கன்னா, அது உங்களுக்காகச் சத்தமில்லாம என்னென்ன செய்யுதுன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிடுங்க.

போன மாசம் திரும்பவும் தெருவைத் தோண்டினாங்க. அத்தைகிட்ட இருந்து போனே வரல. நானே கூப்பிட்டு, "நெட் போயிடுச்சாமே?"ன்னேன். "அப்படியா?"ன்னாங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.