கட்டுவதற்கு முன் உட்கார்ந்து பார்ப்போம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், கட்டடத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துருவம்)



எமது வகுப்பறை வெக்கையைப் பற்றி இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. இடைவேளைக்குப் பின்னரான பாடங்களில் அரைச்சுவர் ஓரம் இருந்தவர்களுக்கு வேப்பமரக் காற்று. நடுவரிசைக்குக் கொப்பி மட்டைதான் விசிறி. அறையும் ஆசிரியையும் ஒன்றுதான், ஆனால் கணக்கு ஏறியது ஓரத்தில் இருந்தவர்களுக்குத்தான். (நடுவரிசையில் இருந்த நாம் இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.)

பின்னர் வேலைக்குப் போனோம். அங்கே நிலைமை தலைகீழ். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே குளிரூட்டியின் கீழ் சுவெற்றர் போட்டுக்கொண்டு தட்டச்சுச் செய்வோம். சுவரில் உற்பத்தித்திறன் பற்றிய வாசகம் தொங்கும்.

இந்தக் குளிருக்கு ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், வளி வெப்பநிலை, கதிர்ப்பு வெப்பம், ஈரப்பதன், காற்றின் வேகம், உடை, உடலின் செயற்பாடு ஆகிய ஆறையும் இணைத்து, அறையில் இருப்போர் எவ்வளவு சூட்டை அல்லது குளிரை உணர்வர் என்று கணிக்கும் முறையைத் தந்தார். உலகின் கட்டட நியமங்கள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. ஆனால் உடல் வெளிவிடும் வெப்பத்துக்கு வழமையாக எடுக்கப்பட்ட பெறுமானம் 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆணுக்குரியது. பெண்களின் உடல் வெப்பத்தை அது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் எழுதினர். 2019இல் வெளியான பேர்ளின் ஆய்வொன்றில் 500க்கு மேற்பட்ட மாணவர்களை 16 பாகை முதல் 33 பாகை வரை வேறுபட்ட வெப்பநிலைகளில் இருத்திக் கணக்கும் சொற்பயிற்சியும் கொடுத்தனர். அறை சூடாகச் சூடாகப் பெண்கள் கூடுதலாகச் சரி செய்தனர். ஆண்களின் பெறுபேறு ஓரளவு குறைந்தது. பேர்ளின் வெக்கை வேறு, எமது வெக்கை வேறு. அந்த எண்களை இங்கே அப்படியே ஒட்டமுடியாது. ஆனால் யாரைக் கேட்டு அறையை அமைத்தீர்கள் என்று இங்கேயும் கேட்கலாம்.

வீ.ஆர். எனப்படும் மெய்நிகர்த் தொழினுட்பம் இங்கேதான் உதவுகிறது. கருவியைக் கண்களில் மாட்டினால், இன்னும் அத்திவாரம் வெட்டாத அறைக்குள் போய் உட்காரலாம். யன்னலைப் பெரிதாக்கலாம், கூரையை உயர்த்தலாம், காலை வெயிலும் பிற்பகல் வெயிலும் மேசையில் எப்படி விழும் என்று பார்க்கலாம். உண்மைக் கட்டடத்தில் இவற்றில் ஒன்றை மாற்றவே பல இலட்சம் ரூபாய் போய்விடும். உட்காருபவரிடம் "வசதியாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பதில்லை, ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்து, எடுத்த நேரத்தையும் விளங்கிய அளவையும் பார்ப்பார்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையான அலுவலக அறையையும் அதன் மெய்நிகர் வடிவத்தையும் இப்படி ஒப்பிட்டு, 2015இல் முடிவை வெளியிட்டனர். இரண்டிலும் பெறுபேறு பெரும்பாலும் ஒத்திருந்தது.

குறையையும் சொல்லவேண்டும். கருவி காட்சியையும் ஒலியையும் தரும், புழுக்கத்தைத் தராது. அதனால் சில ஆய்வுகளில் ஆட்களை வெப்பநிலை கட்டுப்படுத்திய அறையில் இருத்தி, அதன் பிறகே கருவியை மாட்டுகின்றனர். சிலருக்குத் தலை சுற்றும். எட்டுப் பாடவேளை இருந்தபின் வரும் களைப்பை அரை மணித்தியாலச் சோதனை சொல்லாது.

வரவிருப்போரைக் கேட்டு வரைவது எமது நாட்டுக்குப் புதிதல்ல. 1950களில் கண்டி வட்டபுளுவ வீட்டுத்திட்டத்தை வடிவமைத்த மினெற் டி சில்வா, குடிவரவிருந்தோரிடம் முன்கூட்டியே வினாக்கொத்துக் கொடுத்து அவர்களது தேவைகளைக் கேட்டறிந்தார்.

இனி எமது நூற்றாண்டுக் கட்டடம். முதல் வரைபடத்தை நாமும் பார்த்தோம். மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். அழகுதான். ஆனால் பிற்பகல் வெயில் நேரே கரும்பலகையில் விழும்; குளிரூட்டி இல்லாமல் உள்ளே இருக்கமுடியாது. நீங்கள் அனுப்பிய பணம் ஒருமுறை வருவது. மின்கட்டணம் மாதாமாதம் வரும், அதைக் கட்டப்போவது கல்லூரி.

எனவே வரைபடம் இறுதியாவதற்கு முன், அந்த வகுப்பறையை இரு வடிவங்களில் மெய்நிகராக ஆக்கித்தர நாம் ஏற்றுள்ளோம்: கண்ணாடிச் சுவருடன் ஒன்று, அரைச்சுவர், உயர்ந்த கூரை, வெளியே நிழல் தரும் தட்டிகளுடன் மற்றொன்று. கண் கூசுகிறதா, பின்வரிசைக்குக் கரும்பலகை தெரிகிறதா என்பதைக் கருவி சொல்லும். வெக்கையை அறிய, இப்போதுள்ள வகுப்பறைகளில் வெப்பமானி தொங்கவிட்டுக் கணக்குப் பார்ப்போம். 7ஆம், 11ஆம் தர மாணவிகளும் ஆசிரியைகளும் உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்துள்ளனர்.

எம்மிடம் இருப்பது இரண்டே கருவிகள். கனடாவிலோ இலண்டனிலோ பிள்ளைகள் விளையாடி அலுத்து அலுமாரியில் போட்டது இருந்தால், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சார்ஜர் வயரையும் மறக்காமல் சேர்த்து.