எழுதாமல் விடும் மருந்து



இன்று பட்டம் வாங்கிய இளம் மருத்துவர்களே, நான் தனியார் மருத்துவமனையில் புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பவன். அறுவைச் சிகிச்சை செய்பவர் வேறு. ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு கொடுப்பவரும் வேறு. கீமோவும் அதற்குப் பின் வந்த புது மருந்துகளும்தான் என் பாடு. தனியார் மருத்துவரை மேடையேற்றிவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாதே என்றால் எப்படி? பேசத்தான் போகிறேன்.

என் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு, முதலில் படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்தாயிற்று. அடுத்து எம்.டி. 3 ஆண்டு, நீட் எஸ்.எஸ். எழுதித் தேறினால் டி.எம். 3 ஆண்டு. எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்து கணக்குப் போட்டால், நுழைவுத் தேர்வுகள் விழுங்கும் காலத்தைச் சேர்க்காமலே மொத்தம் 11½ ஆண்டு. கூடப் படித்தவன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைக்கும்போது நீங்கள் விடுதி மெஸ்ஸில் ஆறிப்போன சப்பாத்தி தின்றுகொண்டிருப்பீர்கள். புற்றுநோய் மருத்துவத்துக்கான இந்த டி.எம். படிப்பை 1984இல் தொடங்கிய முன்னோடி, நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது.

நம் துறையின் வேரும் ஒருவகையில் சென்னையில் இருக்கிறது. எல்லாப்ரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தி வந்தது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமல், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தார் என்பார்கள். பிறகு அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் வெளிவந்த அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. கொஞ்ச காலத்துக்குத்தான். ஆனாலும் மருந்தால் இந்த நோயை அசைக்க முடியும் என்பது அன்று தெரிந்தது. அமினோப்டெரினின் தம்பி மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் எங்கள் மருந்தக அலமாரியில் இருக்கிறது.

எங்கள் கீமோ வார்டுக்கு ஒருநாள் காலையில் வந்து பாருங்கள். பெரிய வித்தை எதுவும் கண்ணில் படாது. உயரம், எடை பார்த்து அளவு போடுவோம். வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் டிரிப். டாக்சோரூபிசின் சிவப்பு நிறத்தில் அழகாக இருக்கும்; ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். வின்கிரிஸ்டினை ரத்தக்குழாயில் போடலாம், தப்பித் தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிர் போய்விடும். அதனால் அது சிரிஞ்சில் வார்டுக்கு வரவே கூடாது. சிறு சலைன் பையில் கலந்துதான் வரவேண்டும். பெயரையும் அளவையும் இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகே ஏற்றுவோம். இந்தச் சலிப்பூட்டும் வேலையைத் தினமும் சலிக்காமல் செய்பவர்தான் நல்ல ஆன்காலஜிஸ்ட்.

இனிப் பணம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கு இமாட்டினிப் வந்தபோது, நோவார்ட்டிஸின் மாத்திரை மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகளுடையது பத்தாயிரத்துக்குள். நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்ட மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் எல்லா மருந்துக்கும் அப்படித் தீர்ப்பு வராது.

நோயாளியின் மூத்த மகன் மட்டும் தனியாக அறைக்குள் வருவார். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். நிலத்தை வித்தாவது பாத்துக்கறோம்." அரசு மருத்துவமனையில் மருந்து இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது. தனியார் மருத்துவமனையிலோ கீழே கடையிலேயே இருக்கிறது, அதில் நிர்வாகத்துக்கு லாபமும் இருக்கிறது. பேனாவைத் தடுக்க உங்களைத் தவிர ஆளில்லை. நோய் எலும்பிலும் ஈரலிலும் பரவி, மூன்று வகை மருந்தும் கேட்காமல்போன பின் நான்காவதை எழுதும்முன், அது எத்தனை மாதம் தரும், எத்தனை லட்சம் கேட்கும் என்பதை ஒரே மூச்சில் சொல்லுங்கள். அப்பாவிடமும் பேசுங்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தேயிருக்கும். காப்பீட்டு அட்டையில் அதே சிகிச்சை அரசு மருத்துவமனையில் கிடைக்குமென்றால் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். வருமானம் குறையுமா என்றால், குறையும். அதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் கைவிரித்துவிடாதீர்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, குழந்தைகளின் ஏ.எல்.எல். ரத்தப் புற்று, பரவிய விரைப் புற்றுகூட, குணமாகக் கூடியவை. அங்கே ஒரு சுற்றும் தவறக் கூடாது. பணமில்லை என்று ஒரு பையன் வீடு திரும்பினால் அது நம் எல்லோருக்கும் அவமானம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை மலிவானது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்கவே தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். இருந்தும் பல தனியார் மருத்துவமனைகள் விண்ணப்பிப்பதில்லை. நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இங்கே மார்ஃபின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய் நிர்வாகத்திடம் கையெழுத்து கேளுங்கள்.