கரை மாறிய ஆறு



பாட்டில் பிழை நேர்ந்தால் புலவன் பாட்டைத் திருத்துவது வழக்கம். பாட்டுக்காக ஆறு தன்னைத் திருத்திக்கொண்டதாக இவ்வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் இறைவன்மீது இரட்டைப் புலவர் கலம்பகம் பாடினர். பம்பையாற்றின் எந்தக் கரையில் கோயில் உள்ளது என்பதை அதில் மாற்றிப் பாடிவிட்டனராம். அவையோர் பிழையைச் சுட்டினர். அன்றிரவு பெருமழை பெய்தது. விடிந்து பார்த்தால் ஆறு தடம் மாறிக் கோயிலின் மறுபக்கம் ஓடிற்று, பாட்டு மெய்யாயிற்று.

இது செவிவழிக் கதையே. எனினும் அது இவ்விருவரைச் சுற்றி எழுந்தது பொருத்தம். ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவருக்குக் கால் வழங்காது. பார்வையற்றவர் சுமப்பார், தோளில் இருப்பவர் வழி சொல்வார். வெண்பாவை ஒருவர் தொடங்க, மற்றவர் முடிப்பார். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துணி நழுவிப் போனபோதும் ஒருவர் கேலி செய்ய, மற்றவர் விடை சொல்ல, இழப்பே வெண்பாவாயிற்று என்பர். தில்லைக் கலம்பகமும் இவர்கள் பாடியதே. கூட்டுப் படைப்பின் இலக்கணம் இங்கே இருக்கிறது: துணைவனின் இடறலைத் திருத்தாமல், அதற்கு விடை சொல்வது.

பிழை ஏட்டுக்குப் புதியதன்று. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டனர். ஆகவே நெருப்பைக் குறிக்கும் ‘எரி’யும் நீர்நிலையைக் குறிக்கும் ‘ஏரி’யும் ஒரே வடிவில் நின்றன. வீராணம் ஏரி வீராணம் எரியாக, நீர் முழுதும் பற்றி எரியலாம்! பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் இக்குழப்பத்தைத் தீர்க்க வழிசெய்தது. ரகரமும் காலும் மயங்கும் மயக்கமோ ஓலையோடு ஒழியவில்லை. அச்சுப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கும் கணினியும் அதே இடத்தில் இடறுகிறது. நாகம் நரகமாகிறது, காகம் கரகமாகிறது, பால் பரலாகிறது.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரம் போன்றே இருக்கும். ‘மௌனம்’ என்னும் சொல்லை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதினாலும் திரையில் ஏறத்தாழ அவ்வாறே தோன்றும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பக்கம் முழுதும் மௌனம் நிறைந்திருக்க, தேடினால் மௌனம் இல்லை என்கிறது இயந்திரம். 1990களில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அன்புக் கடிதமும் அந்நிய எழுத்துக் குவியலாயிற்று. 1999இல் தமிழக அரசு தாமும் தாபும் அறிவித்தது; 2010இல் ஒருங்குறியை ஏற்றது. குழப்பம் குறைந்தது, குறும்புக்கு இடம் ஒழியவில்லை.

இவற்றைக் கொண்டு கடலூரில் ஒருவரும் சிதம்பரத்தில் ஒருவரும் ஒரு கதை எழுதலாம். கடலூர்க்காரர், “பாட்டி கிண்ணத்தில் பால் கொண்டுவந்தாள்” என்று தொடங்குகிறார். சிதம்பரத்துக்குப் பரல் போய்ச் சேருகிறது. அங்குள்ளவர் திருத்தலாகாது. பாட்டிக்குச் சிலம்பின் பரல் எப்படிக் கிடைத்தது, குழந்தை அதைக் குலுக்கியபோது மதுரையில் யார் திடுக்கிட்டார் என்று அவர் தொடர வேண்டும். அவர் எழுதிய காகம் கரகமாகித் திரும்பினால், கடலூரில் கரகம் கூரைமேல் அமர்ந்து விருந்தினர் வரவைக் கரைந்து அறிவிக்கும். இருவரும் நினையாத கதை மூன்றாமவர் ஒருவரால் நடக்கிறது. அம்மூன்றாமவர் பிழை.

ஆயினும் இவ்விளையாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் தில்லையே கற்பிக்கிறது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் புற்று மூடிக் கிடந்ததையும், கரையான் அரித்தவை போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்ததையும் சைவ மரபு சொல்கிறது. அவரும் புலவர், அழிந்த இடங்களில் தம் பாட்டை இட்டு நிரப்ப அவருக்குத் திறமை இல்லாமலில்லை. தம் பாடல்களைத் தம் பெயரிலேயே தனியே வைத்தார். கரையான் தின்ற இடம் வெற்றிடமாகவே நின்றது. அந்த வெற்றிடமும் நமக்கு வந்த செல்வமே. எவ்வளவு இழந்தோம் என்பதற்கு அதுவே சான்று.

இன்று பழைய நூல்கள் மிக விரைவாகக் கணினிக்குள் செல்கின்றன. ஒரு பரல் பாலின் இடத்தில் அமர்ந்து, அழகாகவும் இருந்துவிட்டால், நாளைய மாணவன் அதற்கு உரையும் எழுதிவிடுவான். பிழையோடு விளையாடும் உரிமை எழுதுபவனுக்கு உண்டு, படியெடுப்பவனுக்கு இல்லை. ஒரே கவிஞர் காலையில் கதை எழுதி, மாலையில் பழம்பாடலைத் தட்டச்சு செய்யலாம். எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அவர் மறவாதிருந்தால் போதும்.

தம் பாட்டுக்கு ஆறு கரை மாறட்டும். முன்னோர் பாட்டில் ஒரு புள்ளியும் மாறாதிருக்கட்டும்.