படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை





ஆங்கிலத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "என் பையன் இங்கிலீஷ் மீடியம் படித்தவன், அவனுக்கு எதற்கு இது?" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இன்றைய பேச்சே அந்தப் பையனுக்குத்தான். நன்றாகப் படிப்பான், தப்பில்லாமல் மெயில் போடுவான். ஆனால் போனில் ஒரு வெள்ளைக்காரர் வேகமாகப் பேசினால் பாதி காதில் விழாது. "எஸ் சார், எஸ் சார்" என்று சொல்லிச் சமாளிப்பான்.

போன வருடம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி எங்களைத் தேடி வந்தார். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அமெரிக்க பையருக்கு இரண்டு லேப் டிப் அனுப்பியிருக்கிறார்கள், ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர். பையர் போனில் சொன்னது, "வீ கேன்ட் டேக் தி லைட்டர் ஒன்." தம்பி காதில் விழுந்தது, "வீ கேன் டேக்." வெளிர் நிறத்துக்கே சாயப்பட்டறையில் லாட் ஏறிவிட்டது. மெயிலில் உறுதி செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தார், ஆனால் மறுநாள்தான் செய்தார். பதில் வருவதற்குள் துணி காய்ந்துவிட்டது. நஷ்டம் முதலாளிக்கு, வேலை போகுமோ என்ற பயம் தம்பிக்கு. வீட்டில் தங்கை நிக்காஹ் பேசி வைத்திருந்த நேரம் அது.

அவர் ஆங்கிலம் தெரியாதவர் அல்ல. பி.காம். முதல் வகுப்பு. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. 'கேன்' என்ற சொல்லை அவர்கள் பேச்சில் பெரும்பாலும் முழுதாக உச்சரிப்பதில்லை, 'க்ன்' என்று விழுங்கிவிடுவார்கள். அழுத்தி, தெளிவாக 'கேன்' என்று கேட்டால் அது பெரும்பாலும் 'கேன்ட்'. கடைசி 'ட்' அமெரிக்கர் பேச்சில் காணாமல் போகும், அதுவும் அடுத்த சொல் 'டேக்' என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். பிரிட்டன்காரர் என்றால் 'காண்ட்' என்று நீட்டுவார், அது எளிது. நாம் 'ட்' வருகிறதா என்று காத்திருக்கிறோம். அவர்களோ அழுத்தத்தில் பொருளை வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் வியாபாரம் தொடங்கிய காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 1978ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாக வெள்ளை டீ-சர்ட் வாங்கத் திருப்பூர் வந்தார். 1981ல் சி அண்ட் ஏ கம்பெனி வந்தது. பையர் நேரில் வருவார், சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டி முடித்த வியாபாரங்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று எல்லாம் வீடியோ கால். லைன் விட்டு விட்டு வரும், நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருக்கிறது. இந்தப் போன்கள் இனி கூடும், குறையாது.

கம்பெனிக்கு வெளியேயும் இதே கதவில்தான் நம் பிள்ளைகள் முட்டி நிற்கிறார்கள். மேல்படிப்புக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுகிறார்கள். அதில் கேட்டல் பகுதி 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்க உச்சரிப்பு எல்லாம் கலந்து வரும். நர்சிங் முடித்த சகோதரிகள் எழுதும் ஓ.இ.டி. தேர்வில் 42 கேள்விகள், அதுவும் ஒரு முறைதான். பிரிட்டனில் நர்ஸாகப் பதிய ஓ.இ.டி. எழுதினால் கேட்டலில் பி கிரேடு வேண்டும். எழுத்துக்கு சி பிளஸ் போதும். எழுதுவதை விடக் கேட்பதற்கு அங்கே எதிர்பார்ப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள். வார்டில் டாக்டர் சொல்லும் மருந்தின் அளவை எழுதிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க முடியுமா?

சரி, என்ன செய்வது? "நாள் முழுக்க இங்கிலீஷ் நியூஸ் ஓட விடு, தானாக வரும்" என்கிறார்கள். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிசிறு வெட்டிக்கொண்டே ஓட விடும் நியூஸ் காதைத் தொட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஜான் ஃபீல்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 2008ல் எழுதிய நூலில் சுட்டிக்காட்டியது இதைச் சேர்ந்ததே. வகுப்புகளில் கேட்டலைச் சோதிக்கிறார்களே தவிர, கற்றுக்கொடுப்பதில்லை. கேசட்டைப் போட்டு, கேள்வி கேட்டு, மார்க் போட்டால் எங்கே தவறியது என்று பையனுக்கு எப்படித் தெரியும்?

கற்றுக்கொடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல. ஹிஃப்ழ் மதரஸாவை நினைத்துப் பாருங்கள். உஸ்தாத் ஓதுகிறார், பிள்ளை கேட்டுத் திருப்பி ஓதுகிறான். ஒரு எழுத்து பிசகினால் அங்கேயே நிறுத்துகிறார். தமிழில் இல்லாத ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காது அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே வந்துவிடுகிறது. 'திங்க்' என்பதில் வரும் ஒலி நம் 'ஸே' என்ற எழுத்தின் ஒலிதான், 'திஸ்' என்பதில் வருவது 'தால்'. மக்ரஜ் படித்த பிள்ளைக்கு அது கையில் இருக்கும் சொத்து. ஆனால் 'வெஸ்ட்' என்ற பனியனுக்கும் 'வெஸ்ட்' என்ற மேற்குக்கும் உள்ள வித்தியாசம் அரபியிலும் கிடைக்காது, அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். பனியன் ஊரில் இருந்துகொண்டு இதில் தடுமாறுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

அதே முறையை இதில் வைத்துப் பார்த்தோம். இரண்டு நிமிடப் பேச்சு போதும், ஆனால் எழுத்து வடிவம் கிடைப்பதாக இருக்க வேண்டும். பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷில் '6 மினிட் இங்கிலீஷ்' இலவசமாகவே கிடைக்கிறது, எழுத்தும் கூடவே வரும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை முழுதும் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள். பிறகுதான் ஒப்பிட வேண்டும். தவறிய இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டு, காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். சொல்லே தெரியாததா, தெரிந்த சொல் காதில் வேறாக விழுந்ததா? எங்களிடம் வந்த பிள்ளைகளின் நோட்டுகளில் பெரும்பாலான கோடுகள் இரண்டாவது வகைதான். 'ஷுட் ஹேவ் பீன்' என்பது 'ஷுடவ்பின்' என்று ஒரே சொல்லாக வந்து விழும். கண்ணுக்கு நூறு முறை பழகியது, காதுக்குப் புதிது. அந்த வாக்கியத்தை அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அடுத்த முறை பிடிபடும்.

கொஞ்சம் தேறியவர்கள் சொல்லின் பின்னால் இருப்பதையும் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் பையர் 'ஐயாம் எ பிட் வொர்ரீட்' என்றால் கொஞ்சம் கவலை என்று பொருள் கொள்ளாதீர்கள், பெரும்பாலும் ஷேட் பிடிக்கவில்லை என்பார். 'ஹாஃப் செவன்' என்று பிரிட்டன்காரர் சொன்னால் ஏழரை. ஜெர்மன்காரர் தன் மொழிக் கணக்கில் அதை ஆறரை என்று எண்ணக்கூடும். எண்களில் வெட்கப்படாதீர்கள். 'ஃபிஃப்டீன்' காதில் விழுந்தால் "ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா" என்று கேளுங்கள். கேட்பவனை எந்த பையரும் மட்டமாக நினைப்பதில்லை.

அந்தத் தம்பியின் வேலை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முதலாளி ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இப்போது கால் முடிந்த ஐந்து நிமிடத்தில் பேசியதை மெயிலில் எழுதிவிடுகிறார். இரவில் அரை மணி நேரம் நோட்டும் சிவப்புப் பேனாவும்தான்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தால் உடனே கோபப்படாதீர்கள். பக்கத்தில் நோட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கோபப்படுவது நியாயம்தான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஞாயிறு முதல் டிரஸ்ட் அலுவலகத்தில் இந்தப் பயிற்சி தொடங்குகிறது. சகோதரிகளுக்கு ளுஹருக்குப் பின், ஆண்களுக்கு மஃரிபுக்குப் பின். ஷிப்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் நேரத்தை மாற்றிக்கொள்வோம். கட்டணம் இல்லை. ஒரு நீள நோட்டும் ஹெட்போனும் மட்டும் கொண்டு வாருங்கள். ஹெட்போன் இல்லாதவர்களுக்கு நாங்கள் ஐந்தாறு வாங்கி வைத்திருக்கிறோம்.