பலகை அவருடையது, கடன் நம்முடையது

(ஈப்போவில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சைக் கேட்க வந்தவர்களிடம் இவன் கடைப் பேச்சைப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். இதுவும் நம் சம்பளப் பணத்தைப் பற்றியதுதான்.

ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. தோட்டம் வீட்டு மனையாகும்போது சிலருக்கு நஷ்ட ஈடும் கிடைக்கிறது. அந்தப் பணத்தைத் தேடி ஆட்கள் நம் வாசலுக்கே வருகிறார்கள். "பிரான்சைஸ் எடுங்கள், பேர்போன கடை, நஷ்டமே வராது" என்கிறார்கள்.

பிரான்சைஸ் என்றால் என்ன? ஒருவர் தம் கடையின் பெயரையும் தொழில் முறையையும் நாம் பயன்படுத்த உரிமை தருகிறார். அதற்கு நாம் பணம் கட்டுகிறோம். இது கெட்ட தொழில் என்று சொல்ல நான் வரவில்லை. 1963இல் ஏ அண்ட் டபிள்யூவும் 1973இல் கே.எப்.சி.யும் நம் நாட்டுக்கு வந்தன. நம் ஈப்போவில் 1999இல் தொடங்கிய ஓல்ட் டவுன் வெள்ளைக் காப்பியும் இம்முறையைக் கையாண்டு கடைகளைப் பெருக்கியது. இதில் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் கணக்கைப் பார்க்காமல் இறங்கியவர்கள் பிழைக்கவில்லை.

நான் கிராணி, எனக்குத் தெரிந்தது கணக்குதான். உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 30,000 வெள்ளி. சரக்கு 12,000, ஆள் கூலி 7,000, வாடகை 4,000, மின்சாரம், தண்ணீர், மற்றவை 2,000, வங்கித் தவணை 3,500. ஆக 28,500 போய்விட்டது. மிச்சம் 1,500 என்று மகிழ வேண்டாம். பெயருக்கு ராயல்டி நூற்றுக்கு 5, விளம்பரத்துக்கு நூற்றுக்கு 2 என்று ஒப்பந்தம் இருந்தால் 2,100 வெள்ளி கட்ட வேண்டும். நமக்கு 600 வெள்ளி நஷ்டம். பெயருக்கு உரியவருக்கு 2,100 வெள்ளி வரவு!

தோழர்களே, சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ராயல்டி பெரும்பாலும் விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. நம் பாட்டன் காலத்துக் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குக் காசு. அந்த ஆளின் கடன் தீர்ந்ததா என்று அந்தக் காசு கேட்காது. ராயல்டியும் அந்த ஜாதிதான். நம் கடை மூடினால் அவருக்கும் வரவு நிற்கும், உண்மைதான். ஆனால் அவருக்கு வேறு கடைகள் இருக்கும். நமக்கு வேறு சேமநிதி உண்டா?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். சேமநிதியைப் போட்டு, மகன் பெயரில் கடனும் வாங்கி, ஒரு பானக் கடை எடுத்தார். கோப்பையும் பாகும் தலைமை நிலையத்தில்தான் வாங்க வேண்டும். விலையோ வெளியில் விற்பதைவிட அதிகம். எட்டு மாதத்தில் அதே பெயரில் இன்னொரு கடை பக்கத்துச் சாலையில் திறந்தது. அதைத் தடுக்க ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. கடை மூடிய பிறகும் மகன் சம்பளத்தில் தவணை பிடிக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார், கையெழுத்துப் போட்ட பிறகு. நான் என்ன செய்ய முடியும்?

ஆகையால் முன்னதாகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. உரிமையை விற்பவர் முதலில் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலையும் விவரப் பத்திரங்களையும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே நம்மிடம் தர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் விலகலாம். அப்போது நியாயமான செலவை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். "இன்றே போடுங்கள், நாளைக்கு இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் பேனாவை மூடி வையுங்கள்.

அதே சட்டம் நம்மையும் கட்டுகிறது. ஒப்பந்தக் காலம் ஐந்து வருஷத்துக்குக் குறையாது. அது முடிந்த பிறகும் இரண்டு வருஷம் அதே மாதிரித் தொழிலை நாம் நடத்தக் கூடாது. பலகையைக் கழற்றிவிட்டு நம் பெயரில் கடை நடத்தலாம் என்ற எண்ணம் பலிக்காது.

1960இல் சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது தொழிலாளர் போட்ட பணம் நிலமாக நின்றது. பிரான்சைஸில் போடும் பணம் வாடகைக்கு வாங்கிய பெயராக நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மறவாதீர்கள்.

எடுக்கத்தான் வேண்டும் என்பவர்கள் நான்கு காரியம் செய்யுங்கள். அதே பெயரில் கடை நடத்துகிறவர்களையும் மூடியவர்களையும் நேரில் போய்க் கேளுங்கள். பக்கத்தில் இன்னொரு கடை வராது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேமநிதி முழுவதையும் போடாதீர்கள். பிள்ளைகளைக் கடனில் கையெழுத்திட வைக்காதீர்கள்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் பத்திரத்தைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நான் இரவு உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.