பேட்டைக்காரரின் மொழி



பேட்டை என்றால் என்ன? நகரத்தை ஒட்டிச் சரக்கு வந்து இறங்கி விலைபோகும் இடம். நமது நெல்லைப் பேட்டை தன் பெயரிலேயே சந்தையைச் சுமக்கிறது. ஒரு மதத்தார் மட்டும் கூடினால் அது சந்தையாகுமா?

இங்கேதான் 1896இல் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் பிறந்தார். படித்தது நெல்லை இந்துக் கல்லூரியிலும் திருச்சி சூசையப்பர் கல்லூரியிலும். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் வந்தபோது, இம்மண்ணில் பேசப்படும் மொழிகளில் தமிழும் திராவிட மொழிகளுமே மூத்தவை என்று துணிந்து சொன்னார். முஸ்லிம் லீக் தலைவரா இப்படிப் பேசினார் என்று இன்றும் வியப்பவர்கள் உண்டு. பேட்டைக்காரருக்கு இதில் என்ன வியப்பு? தெருவில் கேட்டு வளர்ந்த மொழி அல்லவா!

நாமோ, அண்டை வீட்டார் உரிமையைப் பள்ளிவாசலில் மணிக்கணக்கில் பேசுகிறோம். (நானும்தான்.) எதிர்வீட்டு அண்ணாச்சி மகன் பெயர் நம் பிள்ளைக்குத் தெரியவில்லை. வீடு காலியானால் "நம்மவருக்கு மட்டும்" என்கிறோம். வேறோர் ஊரில் நமக்கு வீடு மறுக்கப்பட்டால் குமுறுகிறோம். குமுறல் நியாயமே, அதைச் சொல்ல நமக்கு வாய் வேண்டாமா?

வதந்தி கிளம்பும் இரவில் போலீசுக்கு முன்னால் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அன்றைக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ள முடியாது.

கடைக்காரர்களே! உங்கள் பற்று நோட்டில் எத்தனை வீடுகள்! அவற்றில் எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்கும் துட்டிக்கும் போயிருக்கிறீர்கள்? இளைஞர்களே! எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் ஜமாஅத் சார்பில் போய்வர, தெருவுக்கு இருவர் வேண்டும். வரும் ஜும்ஆவுக்குள் பெயர் கொடுங்கள்.